மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் உடல்மொழி

ஆடி பிறக்கும்போது தாம்பரத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களின் கழுத்தில் டை ஏறிவிடும். குரோம்பேட்டையில் தொடங்கி மேற்குத் தாம்பரம், வண்டலூர், காட்டாங்கொளத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் அது ப்ளேஸ்மென்ட் பருவம். டைக்கு முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் விடுதியில் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். அவர்கள் போட்டுக் கொடுத்த முடிச்சை யாரும் அவிழ்ப்பதில்லை. தளர்த்தி, தலைவழியாகக் கழற்றி, அடுத்தவன் கழுத்தில் மாட்டுவார்கள். ஒரே டை ஒரே நாளில் நாலைந்து நேர்காணல்களைப் பார்த்துவிடும். காலளவு ஒத்துப்போனால் ஷூவுக்கும் இதே கதி.

கல்லூரிக்கு வரும் பெரிய நிறுவனங்களில் வேலை அமையாதவர்கள் கையில் ஃபைலோடு சிறு நிறுவனங்களுக்கு ஏறி இறங்குவார்கள். பல்லாவரம், குரோம்பேட்டைக் குறுக்குத் தெருக்களில் வீட்டு மாடியிலேயே அலுவலகம் நடத்துபவர்கள் உண்டு. அங்கே பலவற்றில் காலணியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். முந்தைய இரவு பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கிய ஷூ படிக்கட்டில் கிடக்க, கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் சாக்ஸோடு மேலாளர் முன்னால் உட்கார வேண்டியதுதான். சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் இதற்குப் பதில் சொல்லித் தருவதில்லை.

அந்த வகுப்பில் சொல்லித் தருவது வேறு. கதவைத் தட்டு, அனுமதி கேள், நாற்காலியின் நுனியில் உட்காராதே, கையைக் கட்டாதே, கண்ணைப் பார்த்துப் பேசு, கைகுலுக்கும்போது உறுதியாகப் பிடி. இவற்றில் பெரும்பாலானவை தப்பில்லை. ஆனால் இவற்றுக்கு ஆதாரமாகத் திரையில் ஒரு கணக்கு விழும்: ஒருவர் உண்டாக்கும் தாக்கத்தில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38 சதவீதம், உடல்மொழிக்கு 55 சதவீதம். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ஆளுமைப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்த எவரும் இந்த மூன்று எண்களிடமிருந்து தப்பியிருக்க முடியாது.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (லாஸ் ஏஞ்சலிஸ்) உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. அந்த ஆய்வுகளில் யாரும் யாரோடும் உரையாடவில்லை. ஒலிப்பதிவு செய்த ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, ஓர் ஆய்வில் முகத்தின் புகைப்படத்தையும் காட்டி, பேசியவருக்குப் பிரியமா வெறுப்பா என்று கேட்டார்கள். சொல்லும் தொனியும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதே கேள்வி. 55 சதவீதம் என்பதும் முகத்துக்குக் கிடைத்ததுதான். முதுகை நிமிர்த்துவதற்கும் கையை வைத்துக்கொள்ளும் விதத்துக்கும் அதில் பங்கே இல்லை. பிரியம், வெறுப்பு போன்ற உணர்வுகளைப் பற்றிய பேச்சுக்கு வெளியே தன் கணக்கு செல்லாது என்று மெஹ்ராபியனே எழுதிவைத்தார். டேட்டா ஸ்ட்ரக்சர் பற்றிய கேள்விக்கு ஒரு மாணவி சொல்லும் பதிலில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்றால், நாலு வருடம் அவள் படித்தது எதற்கு?

இன்னொரு பாடமும் புழக்கத்தில் உண்டு. நேர்காணலுக்கு முன் கழிவறைக்குள் போய், கையை இடுப்பில் ஊன்றிக் காலை அகட்டி இரண்டு நிமிடம் வீரனைப் போல நிற்க வேண்டுமாம். தன்னம்பிக்கைக்கான ஹார்மோன் சுரக்குமாம். 42 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்த பாடம் இது. ஆய்வாளர்களில் ஒருவரான ஏமி கடி 2012-ல் டெட் மேடையில் பேசிய பிறகு உலகெங்கும் பரவியது. 2015-ல் 200 பேரை வைத்து வேறொரு குழு அதே சோதனையைச் செய்தபோது ஹார்மோனில் எந்த மாற்றத்தையும் காணவில்லை. அடுத்த ஆண்டு, மூல ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியரான டேனா கார்னி, இந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என வெளிப்படையாக அறிவித்தார். அந்த அறிவிப்பு நம் பயிற்சியாளர்கள் பலரின் ஸ்லைடுகளை இன்னும் எட்டவில்லை.

அப்படியானால் உடல்மொழி என்பதே கட்டுக்கதையா? இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேனின் வில்லிஸும் அலெக்ஸாண்டர் டோடரோவும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே ஒருவர் நம்பத்தகுந்தவரா, திறமையானவரா என்று மனம் முடிவுகட்டிவிடுவது தெரிந்தது. கூடுதல் நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. தன் முடிவின் மீது பார்ப்பவருக்கு இருந்த உறுதிதான் கூடியது. முதல் பார்வைக்கு வலிமை உண்டு என்பதில் ஐயமில்லை. அது எந்த அளவுக்குச் சரி, யாருடைய பார்வை என்பதில்தான் சிக்கல்.

இந்தச் சிக்கலுக்குத் தாம்பரத்துப் பக்கமே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1949-ல் தொழிலதிபர் சி.ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் (எம்.ஐ.டி.) 1950-களின் நடுவில் ராமேசுவரத்து இளைஞர் ஒருவர் வானூர்திப் பொறியியல் படித்தார். கல்லூரிக் கட்டணத்துக்காக அவருடைய அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்திருந்தார். வளாகத்தில் காட்சிக்கு நிறுத்தியிருந்த பழைய விமானங்கள் இரண்டின் பக்கத்தில், மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். சில கிலோமீட்டர் தெற்கே தாம்பரம் விமானப்படைத் தளத்தில் விமானப் பயிற்றுநர்களுக்கான பள்ளி 1954-லிருந்து இயங்கிக்கொண்டிருந்தது. ஏ.பி.ஜெ.அப்துல் கலாமுக்கு விமானி ஆக வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று தேடிப்போக வேண்டியதில்லை.

படிப்பு முடிந்து டேராடூனில் விமானப்படைத் தேர்வு வாரியத்தின் முன்னால் நின்றார். 25 பேரில் ஒன்பதாவது இடம். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. அங்கே அறிவைவிட ‘ஆளுமை’க்கே அழுத்தம் இருந்தது என்றும், உடல்தகுதியையும் சரளமான பேச்சையும் எதிர்பார்த்தார்கள் போலும் என்றும், தான் பதற்றத்தோடு இருந்ததாகவும் 1999-ல் வெளியான தன் வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப இயக்ககத்தில் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தது அதன் பிறகுதான்.

மேடைப் பேச்சாளர்களுக்கு இந்தக் கதை வெல்லம். தோல்வி, அப்புறம் வெற்றி, கைதட்டல். ஆனால் இதில் வாரியத்தைக் குற்றம் சொல்ல முடியுமா? போர் விமானியிடம் பதறாத உடலையும் தெளிவான குரலையும் எதிர்பார்ப்பது நியாயம்தான். வேலையே அதைக் கேட்கிறது. அதோடு, ராணுவத் தேர்வு வாரியம் ஒருவரைப் பத்து நிமிடத்தில் எடைபோடுவதில்லை. இன்றைய நடைமுறையில் ஐந்து நாள் தங்கவைத்து, ஒரு உளவியலாளர், குழுப்பணிகளைக் கவனிக்கும் ஒரு அதிகாரி, நேர்காணல் செய்யும் ஒரு அதிகாரி என மூவர் தனித்தனியாக மதிப்பிட்டு, கடைசியில்தான் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். எண்ணம், சொல், செயல் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே நோக்கம். போர் விமானிக்கான அளவுகோலை எடுத்துக்கொண்டு, ஐந்து நாளைக் கால் மணி நேரமாகச் சுருக்கி, தாம்பரம் சானடோரியத்தின் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து மென்பொருளைச் சோதிக்கப்போகிற பெண்ணின் மீது வைப்பதைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

கலாம் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சி அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்லாதது. எம்.ஐ.டி.யில் பிரிவுபசாரக் குழுப்படம் எடுக்கிறார்கள். பேராசிரியர்கள் முன்வரிசை நாற்காலிகளில்; கலாம் மூன்றாவது வரிசையில், பின்னால். படம் எடுக்கும் நேரத்தில் ஆஸ்திரியரான பேராசிரியர் ஸ்பாண்டர் எழுந்து நின்று, கண்ணால் துழாவி அவரைக் கண்டுபிடித்து, முன்னால் வந்து தன்னோடு உட்காரச் சொல்கிறார். ஒரு பெரிய மனிதர் நாற்காலியை விட்டு எழுந்த அந்தச் சில விநாடிகள் அந்த மாணவருக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் எழுதத் தக்கவையாக இருந்திருக்கின்றன. உடல்மொழியைப் பற்றிய நம் பேச்செல்லாம் மூன்றாம் வரிசையில் நிற்பவன் எப்படி நிற்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. முன்வரிசையில் இருப்பவரின் உடலைப் பற்றி யாரும் வகுப்பு எடுப்பதில்லை.

எடுத்திருக்க வேண்டும் என்பதற்கு 1974-லேயே சான்று கிடைத்துவிட்டது. பிரின்ஸ்டனில் கார்ல் வேர்ட், மார்க் ஸான்னா, ஜோயல் கூப்பர் மூவரும் இரண்டு கட்டமாக ஒரு சோதனை செய்தார்கள். முதல் கட்டத்தில் வெள்ளை மாணவர்கள் நேர்காணல் செய்தார்கள். வேலை கேட்டு வந்தவர்கள், ஒரே மாதிரி நடந்துகொள்ளப் பயிற்சி பெற்ற வெள்ளையரும் கறுப்பரும். கறுப்பர் வந்தபோது நேர்காணல் செய்பவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள், பேச்சில் தடுமாறினார்கள், சீக்கிரம் முடித்து அனுப்பினார்கள். இரண்டாவது கட்டம்தான் விசேஷம். நேர்காணல் செய்பவர்களுக்கு இந்த இரண்டு விதமான நடத்தைகளையும் சொல்லிக்கொடுத்து, வெள்ளையர்களை மட்டும் அவர்கள் முன் உட்காரவைத்தார்கள். தள்ளி உட்கார்ந்து, தடுமாறி, சீக்கிரம் முடித்த விதத்தில் நேர்காணலைச் சந்தித்தவர்கள் பதறினார்கள், சொதப்பினார்கள். அந்தப் பதிவுகளை வெளியாள் பார்த்தபோது, இவர்களே தகுதி குறைந்தவர்கள் என்று மதிப்பெண் போட்டார்.

எதிரில் இருப்பவரின் பதற்றத்தில் ஒரு பங்கை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரே உண்டாக்குகிறார் என்றால், அதை வேலை கேட்டு வந்தவரின் கணக்கில் மட்டும் எழுதுவது எப்படிச் சரியாகும்? கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பவர், பெயரைச் சரியாகப் படிக்காமல் ஃபைலைப் புரட்டுபவர், பதில் பாதியில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுபவர் என்று நேர்காணல் அறைகளில் இருக்கும் மனிதர்களை வேலை தேடி அலைந்த எவருக்கும் தெரியும். அவர்களுடைய உடல்மொழிக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

நம் ஊரில் இதற்கு இன்னும் ஒரு அடுக்கு உண்டு. அமெரிக்கப் பயிற்சிப் புத்தகம் கண்ணோடு கண் பார்க்கச் சொல்கிறது. இங்கே பல வீடுகளில் பெரியவர் பேசும்போது நேருக்கு நேர் பார்த்தால் ‘முறைக்கிறியா?’ என்றுதான் கேட்பார்கள். தலையைத் தாழ்த்தி, கையைக் கட்டி, கொஞ்சம் ஒதுங்கி நிற்பதே மரியாதை என்று பிள்ளைகள் வளர்கிறார்கள். அதிலும் எல்லா வீட்டிலும் ஒரே அளவு அல்ல. பெரிய மனிதர் எதிரே வந்தால் தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்கோ இடுப்புக்கோ இறங்க வேண்டும் என்று சாதி வைத்த விதி நெடுங்காலம் இருந்த மண் இது. அந்தத் துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு நடப்பதற்காக மனிதர்கள் அடிபட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து முதல் பட்டதாரியாக வரும் பையன் நேர்காணல் அறையில் குரலைத் தாழ்த்தினால், அறிக்கையில் ‘தன்னம்பிக்கை போதாது’ என்று எழுதப்படுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து பழகிய வீட்டுப் பிள்ளை சாதாரணமாக உட்கார்ந்தாலே அது ‘லீடர்ஷிப்’ ஆகிவிடுகிறது. பயிற்சி வகுப்பு இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தைத்தான் எடுக்கிறது. ஒருவனுக்கு அது நினைவூட்டல், இன்னொருவனுக்கு உடம்பையே மாற்றி எழுதும் வேலை.

உடையிலும் இதே கதை. சென்னை சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்கக் கிளப் ஒன்றில், 2014 ஜூலையில், உயர் நீதிமன்றத்தின் பணியிலிருந்த நீதிபதி டி.அரிபரந்தாமன் வேட்டி கட்டி வந்ததற்காகத் தடுக்கப்பட்டார். சட்டமன்றம் அடுத்த மாதமே அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. நீதிபதிக்கு நேர்ந்ததால் சட்டம் வந்தது. கூடுவாஞ்சேரிப் பக்கம் பெரிய வளாகம் வைத்திருக்கும் ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு வேட்டியில் பேட்டி கொடுத்தால் எளிமை என்று எல்லோரும் பாராட்டுகிறோம், பாராட்டத் தக்கதுதான். வேலை கேட்டு வருகிறவன் அதே வேட்டியில் ஏதாவதொரு நிறுவனத்தின் வரவேற்பறையில் வந்து நின்றால், காவலாளி முதலில் கேட்பது ‘யாரைப் பார்க்கணும்?’ என்பதாக இருக்காது. (அதே ஜோஹோ 2005 முதல் கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளைத் தன் பள்ளியில் சேர்த்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்துவருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

நல்ல தோற்றத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை நேரில் பார்க்க ஜி.எஸ்.டி. சாலையின் துணிக்கடைகளுக்குப் போனால் போதும். சேலை விரிக்கும் பெண் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது பல காலம் எழுதப்படாத விதி. கடைக்குள் ஆளே இல்லாத மதிய நேரத்திலும் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் வாடிக்கையாளரை மதிக்கவில்லை என்று அர்த்தமாம். 2010-ல் வந்த ‘அங்காடித் தெரு’ இந்த வாழ்க்கையைத் திரையில் காட்டியது. ஊழியர் உட்காரும் உரிமைக்காகக் கேரளம் 2018-ல் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைப் பேரவையில் வைத்து, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது. நரம்பு சுருண்ட கால்களை வைத்துத்தான் ‘மரியாதையான’ அந்த நிலை இத்தனை காலம் காட்டப்பட்டது. இப்போது கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிற கடைகளிலும் அதில் யார், எப்போது உட்காருகிறார்கள் என்று ஒரு நிமிடம் நின்று கவனித்தால், சட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது புரியும்.

கொரோனாவுக்குப் பிறகு முதல் சுற்று நேர்காணல்கள் பலவும் கணினித் திரைக்குப் போய்விட்டன. பம்மலிலோ அனகாபுத்தூரிலோ ஒரே அறை வீட்டில், பின்னால் துணி காயும் கொடியைக் கட்டிலை நிமிர்த்தி மறைத்துவிட்டு, மிக்சியைப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அரிசி டப்பாவின் மீது சாய்த்துவைத்த கைப்பேசியில் பேசுகிறார்கள். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தால் கேமராவைப் பார்க்கவில்லை என்றாகிறது. கேமராவைப் பார்த்தால் முகம் தெரிவதில்லை. ‘கண்ணைப் பார்த்துப் பேசு’ என்ற விதி இங்கே என்ன ஆகிறது என்று விதி போட்டவர்கள் சொல்லவில்லை. முகபாவனையை இயந்திரத்தை வைத்தே அளந்துவிடலாம் என்றும் முயன்றார்கள். அமெரிக்காவின் ஹயர்வியூ நிறுவனம் தன் காணொளி நேர்காணல்களில் முகத்தைப் பகுத்தாய்ந்து மதிப்பெண் தரும் முறையை, கடும் எதிர்ப்புக்குப் பிறகு, கைவிடுவதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. பணியிடத்தில் உணர்வுகளை இயந்திரத்தால் கணிப்பதை, மருத்துவம், பாதுகாப்பு போன்ற காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்திருக்கிறது. இந்தியாவில் அப்படிப்பட்ட தடை இல்லை.

மாணவர்களுக்குப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்வது வசதியானவர்களின் வாதம். வேலை தேவைப்படுகிறவன் இருக்கிற விதிகளைக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்கள் அதைக் காசில்லாமல் கொடுப்பது நல்லதே. கற்பிப்பதைக் கொஞ்சம் நேர்மையாகக் கற்பித்தால் போதும். பொய்க் கணக்கையும் வீரர் நிலையையும் எடுத்துவிட்டு, தெளிவான குரலில் நிறுத்தி நிதானமாகப் பேசுவது, கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்பது, தெரியாததைத் தெரியாது என்று தயங்காமல் சொல்வது, கைகுலுக்க விருப்பமில்லாத பெண் வணக்கம் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காருவது ஆகியவற்றைப் பழக்கலாம். மெய்யாகவே பயன்படுகிற பழக்கங்கள் இவைதான். டை இல்லாமலும் வரும்.

மறுபக்கத்துக்கும் பாடம் வேண்டும். ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹண்டரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் வெளியிட்ட கட்டுரையிலும், பால் சாக்கெட் குழு 2022-ல் அந்தக் கணக்குகளைத் திருத்தி எழுதியபோதும், ஒரு செய்தி மாறவில்லை: எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது. கல்லூரிகளின் ப்ளேஸ்மென்ட் அதிகாரிகள் நிறுவனங்களிடம் இதைக் கேட்கலாம். நூற்றுக்கணக்கில் பிள்ளைகளை எடுத்துப்போக வருகிறவர்களிடம் கேட்கத் தயங்குவார்கள் என்பது தெரிந்ததுதான்; ஆனால் ஒரே சாலையில் இத்தனை கல்லூரிகள் இருக்கும்போது சேர்ந்து கேட்க முடியாதா?

அரசு இதில் கொஞ்சம் முன்னால் போய்விட்டது என்பது வியப்பானது. மத்திய அரசின் கெஜட் பதிவு பெறாத ‘பி’ பிரிவு, ‘சி’ பிரிவுப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. குடிமைப் பணித் தேர்வில் நேர்காணல் உண்டு. அதைத் தமிழிலும் சந்திக்கலாம். அதன் பெயரே ஆளுமைத் தேர்வு. ஆனால் அதற்கு 275 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 1,750, மொத்தம் 2,025 என்பது விண்ணப்பிக்கும் நாளிலேயே ஊருக்கெல்லாம் தெரியும். முடிவு வந்த பிறகு யாருக்கு அதில் எத்தனை கிடைத்தது என்பதையும் பார்க்கலாம். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் தங்கள் அறிவிப்பில் சம்பளத்தை எழுதுகின்றன, குறைந்தபட்ச மதிப்பெண் சதவீதத்தை எழுதுகின்றன, பாக்கி அரியர் இருக்கக் கூடாது என்று எழுதுகின்றன. நேர்காணலுக்கு எவ்வளவு, அதில் என்னென்னவற்றுக்கு எவ்வளவு என்றும் கூடவே இரண்டு வரி எழுதச் சொல்லி வரும் பருவத்திலேயே கேட்டுப் பார்க்கலாம்.